லூர்தம்மாவின் வலது முழங்கை

கரி பஸ்ஸைக் கண்டுபிடித்தவன் எவனாக இருந்தாலும் அவன் ஒருநாளும் திருச்சியிலிருந்து பெரம்பலூருக்குப் போயிருக்கமாட்டான். பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி ஊதி, அந்தப் புகையைக் கொண்டு வண்டியை ஓட்டினார்கள். யுத்தம் முடிந்து அடுத்த வருடம் வந்த பிறகும் அந்த உருளை இறங்கவில்லை. சின்ன மேடு வந்தாலும் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடும். பாடாலூர் தாண்டியதும் அப்படித்தான் நின்றது.

"ஆம்பளைங்க எல்லாம் எறங்குங்க, தள்ளணும்" என்றார் கண்டக்டர். என்னைப் பார்த்து, "சார், கோட்டக் கழட்டி வச்சிட்டுத் தள்ளுங்க. கரி ஒட்டுச்சுன்னா போவாது" என்றார். அவர் எனக்குக் காட்டிய சலுகை அவ்வளவுதான்.

தள்ளினேன். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. கொழும்பில் வெயில் அடித்தால் பின்னாலேயே ஒரு மழை வந்து மன்னிப்புக் கேட்கும். இங்கே அந்த வழக்கம் இல்லை. பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த வெங்காய வியாபாரி, என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க மலையாளமா?" என்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் வேலை பார்க்கிறவன் என்று சொன்னேன். "அதான் தமிழ் மாதிரியே இருக்கேன்னு பாத்தேன்" என்றார். எனக்கு இருந்த கோபத்தில் பஸ் கொஞ்சம் வேகமாகவே நகர்ந்தது.

ஆனால் என் கோபம் அந்த வியாபாரி மேலும் இல்லை, கண்டக்டர் மேலும் இல்லை. அதை நான் கொழும்பிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தேன். என் தகரப் பெட்டியில் ஒரு மாற்றுச் சட்டை, மாவுக்கட்டுச் சுருள்கள், பழுப்பு உறைக்குள் இரண்டு எக்ஸ்ரே படங்கள். சுங்கத்தில் ஒருவர் மாவுக்கட்டுச் சுருள் ஒன்றைப் பிரித்து முகர்ந்து பார்த்து, தன் மூக்கெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டு, இது கோதுமை மாவா என்று கேட்டார். எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்து, இது யாருடைய கை என்றார். லூர்தம்மாவுடைய கை என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

லூர்தம்மா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறவள். மழை பெய்த ஒரு காலையில், கூடை நிறையக் கொழுந்தோடு சரிவில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். கொழும்பில் நான் டாக்டராக வேலை செய்த எலும்பு வார்டுக்கு அவளைக் கொண்டுவந்தார்கள்.

முழங்கையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் விளங்காது. முன்கையில் இரண்டு எலும்புகள். ஒன்றின் தலையில் வட்டமாக ஒரு குமிழ். மற்றதன் முன்புறம் சின்ன மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். குமிழும் மூக்கும் சுற்றியுள்ள தசைநாரும் சேர்ந்துதான் மூட்டை அதன் இடத்தில் நிறுத்துகின்றன. சிலருக்கு விழும்போது மூட்டு நழுவும், எலும்பு உடையாது. சிலருக்குக் குமிழ் மட்டும் உடையும், மூட்டு நழுவாது. லூர்தம்மாவுக்கு மூட்டும் நழுவி, மூக்கும் உடைந்து, நாரும் கிழிந்து, குமிழிலும் ஒரு பக்கம் சில்லுப் பெயர்ந்திருந்தது. முக்காலியின் இரண்டு கால்கள் போய்விட்டன, மூன்றாவது கால் விரிசலோடு நின்றது.

எங்கள் தலைமை சர்ஜன் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். அவருடைய கணக்கில் முழங்கைக் காயம் மூன்று வகைதான். நழுவியது ஒன்று, பின்பக்க முனை உடைந்தது ஒன்று, குமிழ் உடைந்தது ஒன்று. நழுவியதைப் பிடித்துப் போடு, முனை உடைந்ததைக் கம்பியால் கட்டு, குமிழ் உடைந்தால் குமிழை எடு. லூர்தம்மாவின் மூட்டைப் பிடித்துப் போட்டாயிற்று, ஆகவே அவள் முதல் வகையிலிருந்து தேறி மூன்றாம் வகைக்கு வந்துவிட்டாள் என்றார். குமிழை எடுக்கக் கத்தியைக் கேட்டார்.

இந்தக் கையில் குமிழை எடுத்தால் மூட்டு மறுபடி நழுவும், இது எல்லாம் கலந்து உடைந்தது, இதற்குத் தனி வகை வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "நாலாவது வகை வேண்டுமென்றால் நீ சொந்தமாக ஓர் ஆஸ்பத்திரி கட்டிக்கொள்." வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். குமிழ் வாளிக்குள் போயிற்று.

கட்டுக்கு மேலேயே எடுத்த இரண்டாவது படம் என் கைக்கு வந்தபோது லூர்தம்மா வார்டில் இல்லை. ஊருக்குப் போகிற கூட்டத்தோடு பெரம்பலூர்க்காரரான தோட்டத்துக் கங்காணி அவளையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். வேலைக்கு ஆகாத கையைத் தோட்டத்தில் வைத்திருக்க மாட்டார்கள். படத்தில் மூட்டு அப்பட்டமாக வெளியே நின்றது. சர்ஜன் பார்த்துவிட்டு, அது கட்டின் நிழல் என்றார். நிழலுக்கும் எலும்புக்கும் வித்தியாசம் தெரியாத மனிதரல்ல அவர். நான் லீவு கேட்டேன். லீவு கிடைப்பதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. "ஒரு கைக்காக இந்தியாவுக்கோ?" என்றாள் என் மனைவி. அந்த ஒரு கைக்காகத்தான் வந்தேன்.

பெரம்பலூரில் அரிசிச் சாப்பாடு கிடைக்கவில்லை. காபி கிளப்பில் ரேஷன் அரிசி தீர்ந்துவிட்டது என்று வெல்லம் போட்ட காபியும் கேழ்வரகு அடையும் கொடுத்தார்கள். தெருமுனையில் ஓர் அம்மாள் கம்பங்கூழ் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கையாலேயே நசுக்கிப் பக்கத்தில் வைத்தாள். அந்த வெங்காயத்தின் காரம் கண்ணில் ஏறியது. மூன்று சொம்பு குடித்தேன். அன்றைய நாளில் எனக்குப் பிடித்திருந்த ஒரே விஷயம் அதுதான், ஆகவே எழுதிவைக்கிறேன்.

கங்காணியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நல்லுசாமிக் கங்காணி என்றால் கடைத்தெருவுக்கே தெரிந்திருந்தது. ஊரில் இருக்கும்போதும் தோட்டத்துக் கோட்டைக் கழற்றாமல் வேர்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொண்ணா? மாவுக்கட்டு அரிக்குது அரிக்குதுன்னு ஒரே அழுவை. வெட்டி எடுத்துட்டோம்" என்றார்.

"எதாலை வெட்டினீங்கள்?"

"அருவாளாலதான். பூப் போல எடுத்தோம், ஒரு கீறல் இல்ல." அதில் அவருக்குப் பெருமை. "கட்டுக்குள்ள கை ஒரு சைசா வீங்கி இருந்துச்சு. அப்பறம் நம்ம ரஞ்சன்குடி கட்டுக்காரர்கிட்ட கொண்டாந்து உட்டேன். இந்தச் சுத்து வட்டாரத்துல அவர் கை பட்டா எலும்பு பேசும்."

மறுநாள் ரஞ்சன்குடிக்குப் போனேன். கோட்டையைப் பார்க்காமல் வந்தேன் என்று யாராவது குறைசொன்னால் சொல்லட்டும். அதன் மதில் குன்றின்மேல் நன்றாகவே தெரிந்தது. நான் பார்த்தது அதன் கீழே ஒரு புளியமரத்தை. மரத்தைச் சுற்றி ஆறேழு பேர் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் மணல் நிரப்பிய பானை ஒன்று கயிற்றில் தொங்கியது. எல்லோருக்கும் முழங்கைக் காயம். எல்லாப் பானையும் ஒரே அளவு.

நின்று பார்த்தேன். பனைமரத்திலிருந்து விழுந்தவர் ஒருவர், பின்பக்க முனை உடைந்து, தோலுக்கு அடியில் இரண்டு துண்டாகத் தெரிந்தது. அவருக்குப் பானை. மாடு முட்டிய அம்மாள் ஒருத்தி, மூட்டு நழுவி மறுபடி சேர்ந்தது, கொஞ்சம் விறைப்பு மட்டும். அவளுக்கும் அதே பானை. அவளுக்கு அது பெரிய கெடுதல் செய்யாது. பனையிலிருந்து விழுந்தவருக்கு அந்தக் கை இனி சட்டை போடக்கூட உதவாது.

கட்டுக்காரர் முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தமாவைக் குழைத்துக்கொண்டிருந்தார். பேசுவதற்கு நல்ல மனிதர். எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.

"எல்லாக் கைக்கும் ஒரே பானையோ?" என்றேன்.

"கை ஒண்ணுதானுங்களே. மொடங்குன கைக்கு எட குடுத்தா நீளும். எங்க அப்பாரு காலத்துலேருந்து இதான் பானை."

"உடைஞ்சதும் நழுவினதும் ஒண்டோ? நழுவி நிக்கிற மூட்டிலை மணலைத் தொங்கவிட்டால் மூட்டு இன்னும் கழண்டு போகாதோ?"

"கொழும்புல நீங்க என்னா பண்ணுவீங்க?"

நான் வாயைத் திறந்தேன். எங்கள் சர்ஜனின் மூன்று வகைகளும் வாளிக்குள் விழுந்த குமிழும் ஞாபகத்துக்கு வந்தன. இவரும் அவரும் சந்தித்தால் நன்றாக ஒத்துப்போவார்கள் என்று தோன்றியது. ஒருவருக்குக் குமிழ் கண்ணில் படக்கூடாது, இன்னொருவருக்குப் பானை கண்ணில் படவேண்டும். கையை மட்டும் இரண்டு பேரும் பார்க்கமாட்டார்கள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதினால் என் மனைவி இதைப் படிக்கமாட்டாள்.

மாடு முட்டிய அம்மாள் பானையோடு என்னிடம் வந்தாள். "வந்தமா பாத்தமான்னு போங்க சார். அவரு கட்டுனதாலதான் இந்தக் கையில சீவக்கட்டை புடிச்சு வாசக் கூட்டுறேன். உங்க ஆஸ்பத்திரிக்குப் போனா கையையே எடுத்துருவாங்க." மற்றவர்களும் அவள் பக்கம் நின்றார்கள். பனையிலிருந்து விழுந்தவரைத் தனியே கூப்பிட்டுத் திருச்சிக்குப் போகச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி மரத்தைச் சுற்றப் போனார்.

லூர்தம்மா அங்கே இல்லை. "அந்த வேதக்காரப் பொண்ணுங்களா? அண்ணங்காரரு வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. வரதராசன்பேட்டை" என்றார் கட்டுக்காரர். கோபமே இல்லாமல்தான் சொன்னார். "கவலப்படாதீங்க, பானையையும் குடுத்துதான் அனுப்பிருக்கேன்."

அரியலூருக்குப் போய்ச் சேர்ந்தேன். ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் வரகரிசிச் சோறும் புளிக்குழம்பும் போட்டார்கள். பரிமாறியவர் நான் கரண்டி கேட்டதைச் சமையல்கட்டில் போய்ச் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. கரண்டி, ஆஸ்பத்திரிக் கூட்டத்தோடு பழகிய பழக்கம். அங்கிருந்து ஆண்டிமடம் போகிற பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, கிடைத்த பஸ் பாதி வழியில் நின்றது, கடைசித் தூரத்தை மாட்டு வண்டியில் போனேன். வண்டிக்காரர் பாதை முழுக்கத் தூங்கினார். மாடுகளுக்கு வழி தெரிந்திருந்தது. இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. எங்கோ கொட்டை சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை தொண்டையைக் காறவைத்தது. செம்மண் என் வெள்ளைக் காற்சட்டையை வண்டிக்காரரின் வேட்டி நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

சவரிமுத்து வாத்தியார் கோயில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர், லூர்தம்மாவின் அண்ணன். நான் யார் என்று சொன்னதும், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "வாங்க டாக்டர், உள்ள வாங்க. தங்கச்சி கொல்லையில இருக்கா. செபம் முடிச்சிட்டு வந்துருவா" என்றார்.

நான் காத்திருக்கவில்லை. கொல்லைப்பக்கம் போனேன். லூர்தம்மா வேப்பமரத்தடியில் நடந்துகொண்டிருந்தாள். இடது கையில் செபமாலை, வலது கையில் மணல் பானை. உதடுகள் அசைந்தன. என்னைக் கண்டு நின்றாள், ஆனால் பானையைக் கீழே வைக்கவில்லை.

"கொழும்பு ஐயா" என்றாள். "செபமாலையில இன்னும் ஒரு பத்து மணி பாக்கி இருக்குதுங்க. முடிச்சிட்டு வரேன்."

"பானையை இறக்கம்மா."

"கட்டுக்காரர் வூட்டுல மரத்த ஒரு சுத்து சுத்தினா போதும்னாருங்க. தவக்காலமாச்சே, நான்தான் காலையில ஒரு செபமாலை, சாயங்காலம் ஒரு செபமாலைன்னு நேந்துக்கிட்டேன். கை சீக்கிரம் நீளட்டும்னு."

ஒரு சுற்றுக்குச் சொன்னதை இவள் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளுக்கும் இழுத்திருக்கிறாள். அதையும் இரண்டு வேளை. கட்டுக்காரரைத் திட்டலாம், கங்காணியைத் திட்டலாம், எங்கள் சர்ஜனைத் தினமும் திட்டலாம். நேர்ந்துகொண்ட ஒருத்தியை எப்படித் திட்டுவது? பானையை அவள் கையிலிருந்து நானே பிடுங்கிக் கீழே வைத்தேன். வைக்கவில்லை, போட்டேன். உடைந்து மணல் கொட்டியது.

கையைப் பார்த்தேன். முழங்கையை மடக்கினால் பின்னாலுள்ள மூன்று எலும்பு முனைகளும் ஒரு முக்கோணமாக நிற்கவேண்டும். அவள் கையில் நடுமுனை பின்னுக்கு ஓடிப்போயிருந்தது. மூட்டு ஒரு திசையிலும் நிற்கவில்லை. கொஞ்சம் அசைத்தால் உள்ளே எதுவோ வழுக்கிப் போவது என் விரலுக்குத் தெரிந்தது, அவள் பல்லைக் கடித்தாள். முன்பக்கத் தசைக்குள் நிலக்கடலை அளவுக்கு ஒரு கட்டி, கல்லாக இருந்தது. பானை இழுத்த இழுப்பில் தசை எலும்பாகத் தொடங்கியிருக்கிறது.

பழுப்பு உறையிலிருந்து படங்களை எடுத்தேன். தன் எலும்பை அவள் அதுவரை பார்த்ததில்லை. சூரியனுக்கு எதிரே பிடித்துக் காட்டினேன். முதல் படத்தில் குமிழைக் காட்டினேன். இரண்டாவது படத்தில் அது இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"இது எங்கங்க?"

"வெட்டி எடுத்திட்டம்."

"எடுத்து?"

"வாளிக்குள்ளை போட்டாச்சு."

படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்னக் கேட்டிருந்தா குடுத்திருப்பனோ என்னமோ தெரியல" என்றாள். "ஆனா யாரும் கேக்கல."

வாத்தியார் என்னைக் கூடத்தில் உட்காரவைத்தார். அவர் மனைவி மதலேன் கருப்பட்டித் தண்ணீர் கொடுத்தாள். நான் இரண்டு பேருக்கும் லூர்தம்மாவுக்கும் விளக்கமாகச் சொன்னேன். மூட்டு திரும்ப அதன் இடத்துக்குப் போகாது. முதல் வாரத்தில் என்றால் முயன்றிருக்கலாம். இப்போது திறந்தால் தாங்குவதற்குக் குமிழும் இல்லை, மூக்கும் இல்லை, தசை இன்னும் அதிகமாக எலும்பாகும். விட்டுவிட்டால் நோவோடு தொளதொளவென்று ஆடி, கடைசியில் அதற்குத் தோன்றிய கோணத்தில் இறுகிவிடும். செய்யக்கூடியது ஒன்றுதான். இப்போதே ஒரு கோணத்தில் நிறுத்தி மாவுக்கட்டுப் போடவேண்டும். அந்தக் கோணத்தில் அது இறுகி, நோவில்லாமல் பலமாக நிற்கும். பிறகு நீளாது, மடங்காது. உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே பார்க்கும்.

"எந்தக் கோணம் நல்லது டாக்டர்?" என்றார் வாத்தியார்.

செங்கோணம் என்று சொன்னேன். நான் படித்த எல்லாப் புத்தகங்களிலும் அப்படித்தான். சொல்லிவிட்டு என் கையைச் செங்கோணத்தில் மடக்கி வாய்க்குக் கொண்டுபோனேன். எட்டவில்லை. கழுத்தை நீட்டினாலும் விரல் நுனி உதட்டுக்கு வரவில்லை. இத்தனை வருடமும் இந்தக் கோணத்தைப் பாடம் ஒப்பித்திருக்கிறேன். இந்தக் கணக்கைப் போட்டவன் மேசையில் உட்கார்ந்து நீளக் கரண்டியால் சாப்பிட்டவன். கரண்டி பாக்கித் தூரத்தைப் பார்த்துக்கொண்டது. மணிக்கட்டு வரை குழம்பு வழியக் கையால் உண்கிறவர்களுக்கு அதே கோணத்தை அப்படியே எழுதிக்கொடுத்துவிட்டான். எனக்கு நாள் முழுக்க வந்த கோபங்களில் இதுதான் பெரியது, திட்டுவதற்கு ஆளில்லாத கோபம்.

வாத்தியாருக்கு விளங்கிவிட்டது. எழுந்து நின்று தன் கையை நன்றாக மடக்கி, நெற்றி, நெஞ்சு, தோள் என்று தொட்டுப் பார்த்தார். "இவ்வளவு மடக்கி வையுங்க. சிலுவை போடணும். சோத்தக் கையால எடுத்துத் திங்கணும். இந்த ரெண்டுக்கும் சோத்தாங்கை எட்டலைன்னா மனுசி எதுக்கு?"

"அந்தக் கோணத்திலை வைச்சால் வாய்க்கு எட்டும். வேறெதுக்கும் எட்டாது" என்றேன்.

"வேற எதுக்கு எட்டணும்? அவ இங்க என் வூட்டுல இருப்பா. இருக்கிற கஞ்சிய ஊத்துறேன்."

லூர்தம்மா குறுக்கிட்டாள். "எம் புள்ளைங்க அங்க தோட்டத்துல இருக்கு அண்ணே" என்றாள்.

"மாப்புள்ள பாத்துக்குவாரு."

"அவரு ஒரு ஆள் சம்பளத்துல ரெண்டு புள்ளையா? நான் எறங்குன அன்னிக்கே எம் பேர வெட்டிருப்பாங்க. கை நின்னு கொழுந்து எடுத்தாத்தான் திரும்பப் பேர் பதிவாங்க. கப்பல் ஏறுமுன்ன மண்டபம் கேம்புலயே கையப் பாப்பாங்க அண்ணே. ஆடுற கைய அக்கரைக்கு ஏத்தமாட்டாங்க." என் பக்கம் திரும்பினாள். "ஐயா, செத்த வாங்க."

கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேலியோரம் இடுப்பளவுக்கு ஆடாதோடைச் செடிகள் நின்றன. அதன் முன்னால் போய்க் கொழுந்துக்காரி நிற்கிற மாதிரி நின்றாள். "முழங்கையப் புடிச்சுக்குங்க" என்றாள். நான் இரண்டு கையாலும் பிடித்தேன். "எறக்குங்க. இன்னும் கொஞ்சம். உள்ளங்கை கீழ பாக்கணும். இங்க." செங்கோணத்திலிருந்து சற்று விரிந்த கோணம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கோணம். அவள் விரல்கள் செடியின் நுனியில் இறங்கி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளின. மறுபடி கிள்ளின.

"கொழுந்தைக் கூடைக்குள்ளை எப்பிடிப் போடுவாய்? கூடை முதுகிலை அல்லோ?" என்றேன்.

"முன்னால கட்டிக்குவேன். பாக்க ஒரு மாதிரிதான் இருக்கும். கங்காணி சிரிப்பாரு, சிரிச்சுட்டுப் போறாரு."

பின்னால் வந்து நின்ற வாத்தியார் குரலை உயர்த்தினார். "கோயில்ல எல்லாரும் பாக்க இடது கையாலயா சிலுவை போடுவ? பந்தியில இடது கையாலயா திம்ப? அந்தக் கையால என்னென்ன செய்யிறோம்னு தெரியாதா உனக்கு?" வார்த்தை கடுமையாக இருந்தாலும் கண் கலங்கியிருந்தது. அவரைத் திட்டவும் எனக்கு முடியவில்லை. பெண்கள் கைக்கு விலை போடுகிற தோட்டத்தைத் திட்டினேன். அது ஒருவர் காதிலும் விழவில்லை.

"இது அவளுடைய கை வாத்தியார்" என்று மட்டும் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை கட்டுப் போட்டேன். மதலேன் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். சுருளை நனைத்து நனைத்துச் சுற்றினேன். ஆடாதோடைச் செடி ஒன்றை வெட்டி அதே உயரத்துக்கு ஒரு பானையில் நட்டு முன்னால் வைத்திருந்தோம், கட்டு இறுகும்வரை அவள் விரல்கள் அதன் நுனியிலேயே இருந்தன. நிழலில் காயவைத்தோம். கொழும்புக்குப் போய் இரண்டு படங்களையும் சர்ஜனின் மேசையில் போடுவேன், அவர் சிரிக்கட்டும், இனிமேல் இப்படி எல்லாம் சேர்ந்து உடைந்த கை வந்தால் குமிழை எடுக்கக் கத்தியை நான் கொடுக்கமாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். தோட்டத்துத் துரையிடமும் நானே போய்ப் பேசுவதாகச் சொன்னேன். "பேசுங்க" என்றாள். அதை ரொம்ப நம்பின மாதிரித் தெரியவில்லை.

மத்தியானம் வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார். நேராக வந்து கட்டைப் பார்த்தார். மதலேன் தட்டுகளை வைத்தாள். தவக்காலமாதலால் கவுச்சி இல்லை, ரேஷன் அரிசியில் வரகைக் கலந்து பொங்கிய சோறு, முருங்கைக்கீரை, பருப்பு. எனக்கு ஒரு பலகை போட்டார்கள். லூர்தம்மாவின் தட்டை மதலேன் சமையல்கட்டு ஓரமாகச் சுவரைப் பார்த்து வைத்தாள். லூர்தம்மா வந்து அதை இடது கையால் எடுத்துக்கொண்டு, எங்களுக்கு நேரே வந்து உட்கார்ந்தாள்.

வாத்தியார் செபம் சொல்ல எழுந்து முழங்காலிட்டார். "பிதாச் சுதன் இஸ்பிரீத்துசாந்து நாமத்தினாலே" என்று தொடங்கினார். எல்லோர் கையும் நெற்றிக்குப் போயிற்று. லூர்தம்மாவின் வலது கை கட்டுக்குள் இருக்கிற இடத்திலேயே, உள்ளங்கை கீழே பார்த்தபடி இருந்தது. அவள் இடது கையைத் தூக்கினாள். நெற்றியில் வைத்தாள், நெஞ்சில் வைத்தாள், தோளில் வைத்தாள். கை பழகாததால் எந்தத் தோள் முதலில் என்று ஒரு தடவை தடுமாறித் திருத்திக்கொண்டாள்.

வாத்தியார் செபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். ஒருவரும் தட்டில் கை வைக்கவில்லை. சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"நான் போட்டுட்டேன் அண்ணே" என்றாள் லூர்தம்மா. "சாப்புடுங்க." இடது கையால் சோற்றைப் பிசையத் தொடங்கினாள். பாதி தரையில் சிந்தியது. சிந்தியதைப் பொறுக்கித் தட்டில் போட்டுவிட்டு மறுபடி பிசைந்தாள்.

வாத்தியார் அசையவில்லை. மதலேன்தான் எழுந்து வந்து லூர்தம்மாவின் பக்கத்தில் தன் தட்டை வைத்து உட்கார்ந்து, முதல் கவளத்தை எடுத்தாள்.